தவலைக்குள் இரண்டு மணி நேரம்

டாக்டரம்மா என்னிடம் கேட்டது சாதாரணக் கேள்விதான்.

"வீட்ல நாய், பூனை, கோழின்னு எதாவது வளக்கறீங்களா?"

என் மகள் முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் என் கணவரின் அக்கா நின்று குழந்தையின் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு டாக்டரைப் பார்த்து, "இல்லை டாக்டர், எதுவும் இல்லை" என்றேன்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. இப்போது பதின்மூன்று. அடுத்த அறையில் உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த "இல்லை"யைச் சொன்ன குரல் மட்டும் இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது. எவ்வளவு இயல்பாகச் சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

அதற்கு ஏழு மாதம் முன்பு, அடைமழை விட்ட ஒரு சாயங்காலம், அந்த ஆமை எங்கள் வீட்டுக்கு வந்தது. என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். சைக்கிளில் திரும்பும்போது கொரட்டூர் ஏரிக்கரை ரோட்டின் நடுவில் அதைப் பார்த்திருக்கிறார். லாரி சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது. சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து, அதில் போட்டு எடுத்து வந்துவிட்டார்.

"பாப்பா, கண்ண மூடிக்கினு கைய நீட்டு பாக்கலாம்!"

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருந்தது. கரும்பழுப்பு ஓடு. முதுகில் நீளவாக்கில் மூன்று மேடுகள். அடியில் மஞ்சள் கரை. அவள் கத்திய கத்தலில் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு மூக்கை மட்டும் மெல்ல நீட்டிப் பார்த்தது.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?" என்றேன் அவரிடம்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "தெரிய வாணாம். உட்டுடு."

ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அவருடைய அக்காவுக்கு அது வெறும் நம்பிக்கையாக இருக்கவில்லை. அக்காவின் கணவர் ஒரு தடவை ஏரியில் மீன் பிடிக்கப் போய், வலையில் சிக்கிய ஆமையை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடை போட்டு மூடி வைத்திருக்கிறார். அந்த மாதமே கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். முப்பது வயதில் தனியாகிப்போன அக்கா, காட்டுப்பாக்கத்தில் இட்லிக் கடை போட்டு, தம்பியைப் படிக்கவைத்து வேலையில் சேர்த்துவிட்டார். என் கல்யாணத்தில் தாலியை எடுத்துக் கொடுக்கச் சொன்னபோது மாட்டேன் என்று கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டவர் அவர்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிருமிகளைப் பற்றிப் படம் போட்டுச் சொல்லித் தருகிறவள். சாரம் சரிந்ததற்கும் ஆமைக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல என்னால் ஆகாது. அதனால் மறைத்து வைப்பது என்று முடிவு செய்தோம்.

மறைத்து வைக்கத் தோதான இடம் சமையலறைதான். முன் அறையில் வைத்தால் வாசலில் இருந்தே தெரியும். பின்கட்டு பக்கத்து வீட்டோடு பொது. சமையல் மேடைக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், நீல நிற பிளாஸ்டிக் டப்பை வைத்தேன். மூட்டு வலியால் அக்கா குனிய மாட்டார். அந்தக் கணக்கும் என் மனதில் இருந்தது. அதே மேடையின் மறுகோடியில், இரண்டு கை தூரத்தில், எங்கள் குடிதண்ணீர்த் தவலை இருந்தது.

ஆமை முதல் நான்கு நாள் எதையும் தொடவில்லை. சோறு போட்டோம், கீரை போட்டோம், பொரி போட்டோம். எல்லாம் ஊறி மிதந்தன. ஐந்தாம் நாள் மகள் மழை ஈரத்தில் ஒரு மண்புழுவைக் குச்சியில் தூக்கி வந்து போட்டாள். கழுத்து இவ்வளவு நீளுமா என்று நாங்கள் பார்த்திருக்கும்போதே புழு காணாமல் போயிற்று. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டோம். தண்ணீருக்குள் இருந்தால்தான் அதனால் விழுங்க முடியும். தரையில் வைத்தால் கவ்விக்கொண்டு தண்ணீரைத் தேடி ஓடும். நெத்திலிக் கருவாட்டை இரண்டு தரம் ஊறவைத்து உப்பை எடுத்துப் போடுவேன். சென்னாகுன்னிப் பொடி இறாலை நசுக்கிப் போடுவேன். மீன் வாங்கும் நாளில் குடலை எடுத்துவிட்டு ஒரு துண்டு. மகள் இரண்டு விரலால் பிடித்துக் காட்டினால்தான் அது ஆசையாக வரும். நான் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மார்கழி முடியும்போது ஓட்டின் ஓரம் அழுத்தினால் அமுங்கியது. கண் இமைகள் வீங்கியிருந்தன. அண்ணா நகர்ப் பக்கம் வண்ணமீன் விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன்.

"எங்க வச்சிகீறீங்க? இருட்லயா? வெயில் வாணாமாம்மா அதுக்கு? மனுசனையே ஒரு மாசம் இருட்ல போட்டா கோணிக்குவான். இது பாவம், வாயத் தொறந்து சொல்லுமா?"

அன்றிலிருந்து பள்ளிக்குப் போகுமுன் மொட்டை மாடியில், கம்பிக் கூடைக்கு அடியில், பாதி நிழல் பாதி வெயிலாக அரை மணி நேரம் வைப்போம். ஏறி உட்காரப் பாதிச் செங்கல். சுண்ணாம்புச் சத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை ஓடு வாங்கிவந்து பொடித்து மீனில் தடவினேன். பங்குனியில் ஓடு இறுகியது. என் மகள் மேஜையைத் தட்டுவதுபோல் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

தண்ணீர்தான் பெரும்பாடு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் டப் நாறிவிடும், தினமும் மாற்ற வேண்டும். எங்கள் தெருவில் கைப்பம்புத் தண்ணீர் உப்பு. குடிப்பதற்கு வாரம் இரண்டு தடவை லாரி. டப்பைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் மூலையிலேயே கவிழ்த்துக் கழுவினேன். ஒரே சொம்புதான் எல்லாவற்றுக்கும். இதையெல்லாம் இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அக்கா மாதம் ஒரு தடவை, அமாவாசைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பஸ் மாறி வருவார். அன்று டப்பின் மேல் சாக்கைப் போட்டுச் சிலிண்டருக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். பிளாஸ்டிக்கை நகம் பிறாண்டும் சத்தம் கேட்கும்.

"இன்னா சத்தம் அது?"

"எலிங்க அக்கா."

அடுத்த மாதம் வரும்போது அக்கா ஒரு மரப்பொறி வாங்கிக்கொண்டு வந்தார். "வட வச்சிக் கட்டு. டீச்சரம்மா ஊட்ல எலி குடும்பம் நடத்திகினு கீது, நீ இன்னா பாடம் நடத்திகினு கீற?" என் மகள் பாயில் விழுந்து உருண்டு சிரித்தாள். அத்தைக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்தவள் நான்தான்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. என் கணவர் ஓவர்டைம் போயிருந்தார். நான் டப்பைக் கவிழ்த்துவிட்டு, ஆமையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நடுச் சமையலறையில் நின்றிருந்தேன். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா, கதவத் தொறந்து போட்டுட்டு எங்க பூட்டீங்க எல்லாம்? போரூர்ல ஒரு கல்யாணம். அப்பிடியே பாப்பாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

டப்பில் தண்ணீர் இல்லை, சாக்கு மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் தவலை இருந்தது. லாரி வரும் நாள் என்பதால் காலியாக இருந்தது. ஆமையை அதற்குள் விட்டு மூடியைப் போட்டேன்.

அக்கா நேரே உள்ளே வந்து, சமையலறை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். காபி குடித்தார். கல்யாண வீட்டில் பந்தி பிந்திப்போன கதையைச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தவலைக்குள் நகம் உலோகத்தில் வழுக்கும் ஓசை, பிளாஸ்டிக்கில் கேட்பதைவிட மூன்று மடங்காகக் கேட்டது. நான் மிக்ஸியில் ஒன்றும் போடாமல் ஓட்டினேன்.

"வெறும் மிக்ஸிய எதுக்கு ஓட்டுற?"

"பிளேடு சுத்துதான்னு பாத்தேன் அக்கா."

"அத்த, எலி பெரிசாயிடுச்சு," என்றாள் என் மகள், வாயைப் பொத்திக்கொண்டு.

இப்படி இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகு தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. அக்காதான் முதலில் எழுந்தார். "எடு எடு குடத்த, வரிசை கட்டிடுவாளுங்க!" இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்துக்கொண்டு, மூட்டு வலியை மறந்து ஓடினார். மகளும் பின்னாலேயே ஓடினாள். நான் ஆமையை எடுத்து டப்பில் போட்டேன். தவலையில் அது கழித்திருந்தது. வீட்டில் மிச்சம் இருந்த தண்ணீர் இரண்டு சொம்பு. அதை விட்டு அலம்பி ஊற்றினேன். சோப்புப் போட்டுத் தேய்க்கத் தண்ணீர் இல்லை, கைப்பம்புக்கு ஓடி வர நேரமும் இல்லை. பிறகு தேய்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் அக்கா முதல் குடத்தோடு உள்ளே வந்து, தன் கையாலேயே தவலையில் ஊற்றிவிட்டார். வேர்த்து விறுவிறுத்து வந்த என் மகள் முதல் டம்ளரை மொண்டு குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஒன்றும் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அது ஒரு டம்ளர் தண்ணீரா, ஏழு மாதமாக அவள் விரலில் ஒட்டியிருந்ததா, இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிவதெல்லாம் அந்த டம்ளர்தான்.

புதன்கிழமை காலையில் காய்ச்சல். மதியத்துக்குள் பத்து தடவை வயிற்றால் போயிற்று. வியாழக்கிழமை அதில் ரத்தம் வந்தது. அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தோம். என் கணவர் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து அக்காவின் கடைக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடைக்குப் போன் செய்து சொன்னார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வந்தவர் கட்டிலை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

சொன்ன அடுத்த நிமிடமே எனக்குத் தெரியும். பாடம் நடத்துகிறவளுக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் நான் எனக்குள்ளேயே வாதம் செய்தேன். தெருவில் ஐஸ் வண்டியில் வாங்கித் தின்றிருப்பாள். லாரித் தண்ணீரே அழுக்காக இருந்திருக்கும். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே. இதற்கெல்லாம் அடியில் இருந்தது வேறு. ஆமைதான் என்று நான் சொன்னால், ஆமை வீட்டுக்கு வந்ததால் குடும்பத்துக்கு ஆகவில்லை என்று ஆகிவிடும். நான் படித்த படிப்பு அந்தக் கட்டிலின் பக்கத்தில் தோற்றுப்போகும். படித்த படிப்புதான் உண்மையைச் சொல் என்றும் என்னை நெருக்கியது. டாக்டரைத் தனியாகப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் எழுவேன். அக்கா "எங்க போற?" என்பார். "பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு, வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பிவிடுவேன்.

கணவரிடம் தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஊசி போட்டா சரியாயிடும். இப்போ அக்கா கைல சொன்னா அது உசுர உட்டுடும். ரெண்டு நாள் பாப்போம்" என்றார். நானும் அதைத்தான் கேட்க விரும்பியிருந்தேன் போலிருக்கிறது.

சனிக்கிழமை முழுவதும் காய்ச்சல் இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கை கால் சில்லிட்டு, நெற்றி மட்டும் கொதித்தது. டாக்டரம்மா வந்து இமையை விலக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"சீதபேதின்னு நெனச்சுதான் மருந்து குடுத்தேன். அது கேக்கல. மதியத்துக்குள்ள இறங்கலைன்னா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன். தயாரா இருங்க."

அவர் வெளியே போனார். என் மகள் கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அம்மா, அதுக்கு யாரு சாப்பாடு போட்டாங்க?"

"எதுக்குடி கண்ணு? யாருக்கு?" என்று குனிந்தார் அக்கா.

அவள் அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொல்லி வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வெடித்த உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். "ஒண்ணுல்ல அத்த" என்றாள்.

அந்த நிலைமையிலும் அவள் என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

நான் வராந்தாவில் ஓடினேன். படி இறங்கப்போன டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆமை இருக்கு டாக்டர். சின்ன ஆமை. ஏழு மாசமா. சமையல்கட்டுலதான் இருக்கு. அவதான் கையால சாப்பாடு போடுவா. குடிக்கிற தண்ணித் தவலைல ஒரு தடவ போட்டுட்டேன்." மூச்சு விடாமல் சொன்னேன். பின்னால் அக்கா வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கேட்டேனே?"

"கேட்டீங்க."

"ஆமையோட குடல்ல ஒரு கிருமி இருக்கும். அதுக்கு ஒண்ணும் பண்ணாது, நமக்கு வந்தா ரத்தத்துலயே கலந்துடும். சொல்லியிருந்தா அன்னிக்கே டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பேன், மருந்த மாத்தியிருப்பேன்." கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "டீச்சர்னு போட்டிருக்கு இதுல. நீங்கதானே?"

"நான்தான்."

அவர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே மறுபடி அறைக்குள் போனார். ரத்தம் எடுத்தார்கள். வேறு ஊசி போட்டார்கள். நான் சுவரோடு நின்றேன்.

அக்கா என் எதிரே வந்தார். கையில் குழந்தைக்கு வெந்நீர் கொண்டுவந்த சொம்பு இருந்தது.

"ஏழு மாசமா?"

"ஆமா அக்கா."

"அன்னிக்கு நான் உக்காந்துகினு இருந்தப்போ, அந்தத் தவலைல?"

"ஆமா."

"நான்தான் தண்ணிய ஊத்துனேன் அதுல."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆமய உடு. டாக்டரு கேட்டப்போ என் மூஞ்சியப் பாத்துட்டு இல்லன்ன பாரு, நானும் பாத்துகினுதான் இருந்தேன், இன்னாத்துக்குப் பாக்குறான்னு. எனுக்கா பயந்த? கொயந்தைக்கு பயப்படாம எனுக்கா பயந்த?"

சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். இனி எங்கள் வாசலை மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஒரு கோடு இறங்கியது. எழும்பூருக்கு அனுப்பவில்லை. நான்கு மணிக்கு அக்கா திரும்பி வந்தார். புடவைக் கீழ்க்கரை முழங்கால்வரை நனைந்து சேறாக இருந்தது. தம்பியிடம் சாவி வாங்கிக்கொண்டு தனியாக எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். குனிய முடியாத அவர், சிலிண்டரை நகர்த்தி டப்பை வெளியே இழுத்திருக்கிறார். ஆமையை எங்கள் சாப்பாட்டு டப்பாவிலேயே போட்டு, ஏரிக்கரை வரை நடந்து, தண்ணீரில் இறங்கி விட்டிருக்கிறார். முப்பது வயதில் தன் கணவரைக் கொண்டுபோனது என்று அவர் நம்பிய பிராணியைத் தன் கையால் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எப்படித் தொட்டீர்கள் என்று கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

"கைய சோப்புப் போட்டு ரெண்டு தபா கழுவிட்டேன்," என்று என்னிடம் நீட்டிக் காட்டினார். பிறகு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன் ஆளுக்கு ஒரு துண்டு கருவாடு வச்சேன். துன்னுட்டு தண்ணிக்குள்ள பூட்ச்சி. திரும்பிக்கூடப் பாக்கல, நன்றி கெட்ட கய்தை."

என் மகள் சிரிக்க முயன்றாள். அந்த ஐந்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

டெஸ்ட் முடிவு நான்கு நாள் கழித்து வந்தது. டாக்டரம்மா சொன்ன கிருமிதான். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பாவாடை நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றித்தான் அவள் இடுப்பில் கட்ட முடிந்தது, அவ்வளவு இளைத்திருந்தாள். தவலையைப் பரணில் ஏற்றிவிட்டு, மூடி போட்ட ஒரு பானையை வாங்கினோம். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் அவளுக்குக் கொடுப்பதில்லை. பள்ளி விட்டு வந்ததும் கை கழுவினாளா என்று ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் எரிச்சலோடு இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

அக்கா வருவதை நிறுத்தவில்லை. அமாவாசைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே இரண்டு பஸ். ஆனால் இப்போதெல்லாம் நேரே உள்ளே வருவதில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படிக் குரல் கொடுப்பார்.

"டீச்சரம்மா, வந்துகினு கீறேன்! மறைக்கிறது எதுனா இருந்தா மறைச்சிக்கோ, பத்து எண்றேன்!"

உண்மையாகவே எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று என் மகளும் உள்ளிருந்து சேர்ந்து கத்துவாள். என் கணவர் சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டேதான் சமையலறைக்குப் போகிறேன். அங்கே பானையின் மூடியைத் திறந்து, உள்ளே தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான், அவர் பத்து எண்ணி முடிப்பதற்குள், வாசலுக்கு வருகிறேன்.